ஸ்கேனர் லீன் என்றது, பிளக் ரிச் என்றது: ஓர் ஆக்சிஜன் சென்சார் பழுதின் முழு விவரம்

போன ஐப்பசியில், நாலு நாள் அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், பல்லடத்தில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு டீச்சர் காரைக் கொண்டுவந்தார். 2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஒரு மாதத்தில் இது மூன்றாவது முறை. முதல் முறை வேறொரு இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லி மாற்றியிருக்கிறார்கள். 3,800 ரூபாய். மூன்றே நாளில் லைட் திரும்ப எரிந்தது. மறுபடி போனபோது ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீட்டை அழித்து மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். அது நான்கு நாள் தாங்கியது.

"புது சென்சார் போட்டும் எரியுதுங்கண்ணா. இன்னும் எதைத்தான் மாத்தணும்?" என்று கேட்டார். கழற்றிய பழைய சென்சாரை அவர் வீசிவிடவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார். அந்தப் பழக்கம் பின்னால் அவருக்கே பெரிய உதவியாக அமைந்தது.

வண்டி சொன்னதும் டீச்சர் சொன்னதும்

ஸ்கேனரைச் செருகியதும் இரண்டு குறியீடுகள் வந்தன. பி0131: முதல் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு. பி0171: கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ரிச் என்றால் இதற்கு நேர்மாறு. இன்னும் உறுதியாகாத நிலையில் பி0133-ம் காத்திருந்தது. சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம்.

பி0130 முதல் பி0135 வரை வருபவை, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாருக்கு உரியவை. பி0136 முதல் பி0141 வரை பின்னால் இருப்பதற்கு. பெட்ரோல் எவ்வளவு என்று ஈசிஎம், அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், முடிவு செய்வது முக்கியமாக முன் சென்சாரை வைத்துத்தான்; பின் சென்சாரின் பிரதான வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. எண்ணைத் தப்பாகப் படித்துப் பின் சென்சாரை மாற்றிவிட்டு வந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் எண்ணை எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலைக்குப் போவேன்.

குறியீட்டைவிட எனக்கு அதிகம் உதவுவது ஃப்ரீஸ் ஃபிரேம். குறியீடு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்று ஈசிஎம் எடுத்து வைக்கும் போட்டோ அது. டீச்சரின் வண்டியில் அது சொன்னது: கூலன்ட் சூடு 46 டிகிரி, ஐடிலிங்கில் 840 ஆர்பிஎம், வேகம் பூஜ்யம், லாங் டெர்ம் டிரிம் (சென்சார் சொல்வதை வைத்து ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) +23 சதவீதம். அதாவது காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில், வண்டி நகர்வதற்கு முன்பே, வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது. முந்தைய இடத்தில் குறியீட்டை அழித்தபோது முதல் போட்டோவும் சேர்ந்து அழிந்துபோயிருந்தது. அது இருந்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன்.

அப்புறம் டீச்சரிடம் உட்கார்ந்து பேசினேன். இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் பட்டறையில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும். மைலேஜ் 17-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது என்றார். காலையில் வாசலில் நிற்கும்போது பெட்ரோல் வாடை வருகிறதாம். பொங்கலூர் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவதுதான் தினசரி ஓட்டம். கிளம்பும் நேரத்தில்தான், சொல்லாமலே விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயம் வந்தது: "காலைல மட்டும் டிக் டிக்னு ஒரு சத்தம் வருங்கண்ணா, மெயின் ரோடு ஏறுறதுக்குள்ள நின்னுடும். டேப்பட் சத்தம்னு சொன்னாங்க" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். லைட் முதல் முறை எரிவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே.

சென்சாருக்கு என்ன தெரியும்?

இங்கே கொஞ்சம் நின்று அந்தச் சென்சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போஷ் கம்பெனி 1976-ல் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது. முதலில் அமெரிக்காவுக்குப் போன வோல்வோ கார்களில் வந்தது. அடிப்படைத் தத்துவம் இன்றும் அதேதான். நுனியில் சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கத்திலும் உள்ள ஆக்சிஜன் அளவு எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதற்கேற்ப அது தானே மின்சாரம் உண்டாக்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சமே இல்லை என்றால் 0.9 வோல்ட் வரை. நிறைய மிச்சம் என்றால் 0.1 வோல்ட். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்ற சரியான விகிதத்தில் அது 0.45-ஐத் தாண்டி ஏறி இறங்கும். 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இதெல்லாம் நடக்கும். அதனால் உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்கள் ஹீட்டருக்கு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. தன்னைக் கடந்து போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அது எஞ்சினுக்குள் எரியாமல் மிஞ்சியதா, வழியில் ஓர் ஓட்டை வழியாக வெளியிலிருந்து நுழைந்ததா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் எரியாத காற்று அப்படியே வந்து லீன் என்றுதான் காட்டும். பி0131 வந்தால் சென்சாரை மாற்றுவது என்பது, வீட்டில் புகை வாசனை வருகிறது என்று சொன்னவரின் மூக்குக்கு வைத்தியம் பார்ப்பதற்குச் சமம்.

சோதனைகள்

முதலில் பிளக்கைக் கழற்றினேன். ஸ்கேனர் லீன் என்று சொன்னால் பிளக் வெளுத்திருக்க வேண்டும். நாலும் கருப்பு. விரலால் தொட்டால் மசி ஒட்டியது. எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாக எரிகிறது, சென்சாரோ குறைவு என்கிறது. இந்த முரண்பாடு தெரிந்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி. பெட்ரோல் பம்ப் பலவீனம், இன்ஜெக்டர் அடைப்பு எல்லாம் பட்டியலிலிருந்து போய்விட்டன. அவற்றால் உண்மையாகவே லீன் ஆகுமே தவிர பிளக் கருக்காது. பம்ப் பலவீனம் என்றால் டிரிம் ஐடிலிங்கைவிட லோடில்தான் ஏறும். இங்கே தலைகீழ்: ஐடிலிங்கில் +23, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் +7.

ஐடிலிங்கில் அதிகம், வேகத்தில் குறைவு என்றால் இன்டேக் பக்கம் வேக்கம் லீக் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஓட்டை) என்று பாடப் புத்தகம் சொல்லும். அது ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குப் பொருந்தும். இந்த வண்டியில் காற்றை மேப் சென்சார் வழியாக, இன்டேக் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். லீக் ஆகி நுழையும் காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால் ஈசிஎம் அதற்கும் சேர்த்தே பெட்ரோல் கொடுத்துவிடும். அங்கே ஐடிலிங் ஏறுமே தவிர டிரிம் இவ்வளவு எகிறாது. இவர் வண்டியில் ஐடிலிங் கல்லு மாதிரி நின்றது.

அடுத்து ஒயரிங். சாவியை ஆன் செய்து சென்சார் கனெக்டரைப் பிரித்தேன். ஸ்கேனரில் வோல்டேஜ் 0.45-ல் போய் நின்றது. இந்த வகை ஈசிஎம், சென்சார் இல்லாதபோது தானே கொடுக்கும் வோல்டேஜ் அது. சிக்னல் ஒயரை எர்த்தில் தொட்டதும் பூஜ்யம். ஆக, ஒயரும் ஈசிஎம்மும் சரி. கனெக்டரை மாட்டி, எஞ்சின் ஓடும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதிக்கச் சொன்னேன். 0.85-க்கு ஏறியது. ஒரு வேக்கம் ஹோஸைப் பிடுங்கிய நொடியில் 0.1-க்கு விழுந்தது. சென்சாருக்கு உயிர் இருக்கிறது. ஆனால் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது லீனிலிருந்து ரிச்சுக்குப் போக 250 மில்லி செகண்டுக்கு மேல் எடுத்தது. நல்ல சென்சார் 100-க்குள் முடித்துவிடும். மூன்றாவது குறியீட்டுக்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று அதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது எக்ஸாஸ்ட் லீக். சைலன்சரில் அழுத்தம் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதில் எப்படிக் காற்று உள்ளே நுழையும் என்று என்னிடம் வேலை கற்கும் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. புகை தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு வால்வு திறக்கும்போதும் ஒரு குபீர், அதற்குப் பின்னால் ஒரு சின்ன உறிஞ்சல். ஐடிலிங்கில் குபீர்களுக்கு இடையே இடைவெளி அதிகம். அந்த உறிஞ்சலில் ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. வேகம் ஏறினால் புகையின் அளவு பெருகி, நுழையும் காற்று அதில் கரைந்துபோகும். டிரிம் +23-லிருந்து +7-க்கு இறங்கியதும் இதனால்தான்.

காலை மட்டும் வரும் டிக் டிக் சத்தமும் இப்போது பொருந்தியது. இரும்பு சூடாகி விரிந்தால் சின்ன ஓட்டை அடைபட்டுவிடும். எனவே சூடான எஞ்சினில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வண்டியை இரவு பட்டறையிலேயே விட்டுப் போகச் சொன்னேன்.

மறுநாள் காலை, எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது, வேக்கம் கிளீனரின் ஊதும் பக்கத்தை சைலன்சர் வாயில் வைத்துத் துணியைச் சுற்றி அடைத்தோம். சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் குழாயான மேனிஃபோல்டு மேல் இருக்கும் தகர மூடியைக் கழற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். நாலாவது சிலிண்டர் பக்கம், மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் நுரை பொங்கியது. அதைப் பிடித்திருக்கும் கீழ்ப்பக்க ஸ்டட் (மரை போட்ட கம்பி) முறிந்திருந்தது. பேக்கிங் ஓரத்தில் கருப்பாக ஒரு கோடு, புகை பல நாளாகத் தப்பித்த தடம். தகர மூடிக்குள் ஒளிந்திருந்ததால் பானெட்டைத் திறந்து பார்த்தவர் எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

சரி செய்தது

"சிலிகான் வெச்சு அடைச்சுடலாமாண்ணா?" என்றான் தம்பி. கூடாது. அந்தச் சூட்டில் சாதாரண சிலிகான் பேஸ்ட் நிற்காது. நின்றாலும் அதிலிருந்து வரும் ஆவி சென்சார் நுனியில் வெள்ளையாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றில்லை, இன்டேக்கிலும் வால்வு கவரிலும்கூட சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று அச்சிட்ட பேஸ்ட்டைத்தான் வைக்க வேண்டும்.

மேனிஃபோல்டைக் கழற்றினோம். முறிந்த ஸ்டட் ஹெட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டிருந்தது நல்ல காலம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு பிடித்து, சூடு ஆறுவதற்குள் மெதுவாகத் திருக வெளியே வந்தது. ஹெட் அலுமினியம். அவசரப்பட்டு ட்ரில் போட்டு வழி தவறினால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். மேனிஃபோல்டு முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் நாலாவது துளை ஓரம் வளைந்திருந்தது. லேத்துக்கு அனுப்பி மட்டம் எடுத்து, புதுப் பேக்கிங், எல்லா ஸ்டட்டும் நட்டும் புதிது. நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு சுற்றாக டார்க் ரெஞ்சில் முறுக்கினோம்.

அடுத்து அந்த மந்தமான சென்சார். அது இந்த வண்டிக்கென்றே வருவது இல்லை, எந்த வண்டிக்கும் ஒயர் ஒட்டிப் பொருத்தும் பொதுச் சென்சார். பழைய சென்சாரின் கனெக்டரை ஒயரோடு வெட்டி எடுத்து இதில் சால்டர் செய்து டேப் சுற்றியிருந்தார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பீங்கானின் உள்பக்கத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்று மேலே சொன்னேனே, இந்த மாதிரிச் சென்சாரில் அந்தக் காற்று போகும் வழியே ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளின் இடுக்குதான். சால்டர் அந்த இடுக்கை நிரப்பி அடைத்துவிடும். கனெக்டரில் கிரீஸ் தடவினாலும், கான்டாக்ட் ஸ்பிரே அடித்தாலும் இதே பாதிப்பு வரலாம். ஒயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், சால்டர் இல்லாமல் அழுத்திச் சேர்க்கும் கிரிம்ப் போட வேண்டும்.

டிக்கியில் இருந்த பழைய சென்சாரை எடுத்துவரச் சொன்னேன். நுனி இளஞ்சாம்பல் நிறம். வெள்ளைப் படிவு இல்லை, எண்ணெய்க் கசிவின் அடையாளம் இல்லை. ஹீட்டர் ஒயர்களுக்கு நடுவே 9 ஓம். அந்தச் சென்சாருக்கு அதுதான் சரியான அளவு. வைஸில் பிடித்து, மீட்டரைச் சிக்னலுக்கும் எர்த்துக்கும் மாட்டி, கேஸ் டார்ச் நெருப்பை நுனியில் காட்டினேன். சிவக்கத் தொடங்கியதும் மீட்டர் 0.8-ஐத் தாண்டியது. நெருப்பை விலக்கியதும் சட்டென்று கீழே விழுந்தது. திரும்பக் காட்டினேன், திரும்ப ஏறியது. ஐந்து முறை செய்தோம். புது சென்சாரைவிட வேகமாக வேலை செய்தது.

டீச்சர் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "அப்ப இது கெட்டே போகலையா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். மாதச் சம்பளத்தில் ஓட்டும் வண்டி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. புதிதாகக் கனெக்டரோடு வரும் சென்சார் வாங்கிப் போட்டுவிடலாம், எனக்கும் அதில் லாபம் உண்டு. ஆனால் பழைய சென்சாரின் ஒயரை அதன் உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வெட்டியிருந்தார்கள். நீளம் போதும். பொதுச் சென்சாரிலிருந்து அசல் கனெக்டரை மீட்டு, பழைய சென்சாரின் ஒயர்களோடு நிறம் பார்த்து நாலையும் கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, சூடான இடத்திலிருந்து விலக்கிக் கட்டினோம். 22 எம்எம் சாக்கெட்டில் 40-க்கும் 50 நியூட்டன் மீட்டருக்கும் நடுவில் முறுக்கியாயிற்று. மரையில் மட்டும் மெல்லிசாக நிக்கல் பேஸ்ட். நுனியில் துளிகூடப் படக்கூடாது.

குறியீட்டை அழிப்பது எப்போது

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஸ்கேனரில் அழிக்கும் பொத்தானை அமுக்கினேன். அழித்தால் குறியீடு மட்டும் போகாது. ஃப்ரீஸ் ஃபிரேம் போகும், இந்த வண்டியில் ஈசிஎம் கற்று வைத்த லாங் டெர்ம் டிரிமும் பூஜ்யத்துக்குத் திரும்பும், ஈசிஎம் தனக்குத்தானே நடத்தும் சோதனைகள் எல்லாம் முடியாதவை என்று மாறிவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான பழைய வண்டிகளில் இதேதான் நடக்கும். லைட் எரியவில்லை என்பதற்குப் பழுது இல்லை என்று அர்த்தம் இல்லை, இன்னும் சோதனை முடியவில்லை என்றும் இருக்கலாம். டீச்சருக்கு நான்கு நாள் லைட் அணைந்திருந்தது அந்த இடைவெளிதான். லீக் இருந்துகொண்டே இருந்தது, பெட்ரோலும் வீணாகிக்கொண்டே இருந்தது.

அவசரம் இல்லாதவர்கள் அழிக்காமலேகூட விடலாம். பழுது உண்மையாகவே சரியாகியிருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறியதும் லைட் தானாக அணையும். குறியீடு நினைவில் இன்னும் கொஞ்ச காலம் தங்கி, எஞ்சின் நாற்பது முறை சூடேறி ஆறிய பிறகு அதுவும் போய்விடும். நான் அழித்ததற்குக் காரணம், +23-ல் பழகிப்போன டிரிம் சுத்தமாக முதலிலிருந்து தொடங்கட்டும் என்பதற்காக.

காலையில் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம் ஐடிலிங், பிறகு திருச்சி ரோட்டில் காங்கேயம் வரை 60-க்கும் 70-க்கும் நடுவில் ஒரே சீராக ஓட்டம், நடுநடுவே காலை எடுத்து பிரேக் போடாமல் வேகத்தை இறங்க விடுவது. ஹீட்டர் சோதனை அன்றே தேறியது. ஆக்சிஜன் சென்சார் சோதனை திரும்பி வரும்போது. கன்வெர்ட்டர் சோதனைக்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது. கால் பங்கு கூடுதல் பெட்ரோலை இரண்டு மாதம் குடித்த கன்வெர்ட்டர் என்ன ஆயிற்றோ என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வரவில்லை.

டிரிம் ஐடிலிங்கில் +6, ரோட்டில் +5 என்று நின்றது. பூஜ்யம் வரவில்லையே என்று தம்பி கவலைப்பட்டான். இப்போது நம் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்றுதான் வேண்டும். கலந்த பெட்ரோலுக்கு அது 14.7-லிருந்து 13.5 அருகே இறங்கும். 2015 வண்டியின் கணக்கு அதற்கு எழுதப்பட்டதில்லை. அதனால் டிரிம் கொஞ்சம் ப்ளஸ்ஸில் நிற்பது இயல்பு. ஐடிலிங்கிலும் ரோட்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பங்குனியில் ஆயில் மாற்ற வந்தார். கேட்காமலேயே ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தேன். குறியீடு ஒன்றும் இல்லை, டிரிம் +5. மைலேஜ் 16-க்கு மேல் கிடைக்கிறது என்றார். காலைச் சத்தம் பற்றிக் கேட்டேன். எந்தச் சத்தம் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் அவருக்கு நினைவு வந்தது.